கணிப்பொறி இயக்கட்டும், காவல் நம்மிடம் இருக்கட்டும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். மழை விட்டிருந்த ஓர் இரவு. கிண்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டியிருக்கும் 20 மீட்டர் நீளமுள்ள ஏரியல் கம்பி, 11 நிமிட நேரம் என்னைக் கேட்காமலேயே உலகத்துக்கெல்லாம் ஒலி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த 11 நிமிடமும் நான் சமையலறையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாணவ நண்பர்களே, அந்த 11 நிமிடத்தையும், அதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவையும் பற்றியதே இக்கட்டுரை.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மாலை வேளைகளில் அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்றை நடத்துபவன். என் மேசைமேல் இருப்பது ஒரு டிரான்சீவர். அஃதாவது, வானொலி அலைகளை அனுப்பவும் வாங்கவும் பயன்படும் ஒரே பெட்டி. பக்கத்தில் ஒரு கணிப்பொறி. இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. எந்த அதிர்வெண்ணில் கேட்பது, எப்போது அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் கணிப்பொறியே பெட்டிக்குச் சொல்லும். அன்று 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போனேன்.

சற்று நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் மயிலாப்பூரில் வசிக்கும் மூத்த நண்பர். தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மோர்ஸ் ஒலியைக் கேட்டே அனுப்புபவர் யார் என்று சொல்லக்கூடியவர்.

"தம்பி, சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன், சார்."

"நீங்க சாப்பிடுறீங்க, சரி. உங்க பெட்டி கத்திக்கிட்டே இருக்கே! ஏழு மெகாஹெர்ட்ஸ்ல வேற யாரையும் கேக்க முடியலை. போய்ப் பாருங்க."

ஓடிப் போய்ப் பார்த்தேன். டிரான்சீவரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணிப்பொறியின் திரை உறைந்து கிடந்தது. பெட்டியின் பின்புறத்து வெப்பந்தாங்கித் தகட்டில் கைவைக்க முடியவில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பதிவேட்டின் கடைசி வரியிலிருந்த நேரத்தையும் நான் நிறுத்திய நேரத்தையும் கழித்துப் பார்த்தேன். 11 நிமிடம்.

என் பெட்டி எரிந்துபோயிருந்தால் அது என்னுடைய நட்டம். ஆனால் அந்த 11 நிமிடத்தில் எந்தத் தீவிலிருந்து, எந்தக் கப்பலிலிருந்து வந்த மெல்லிய ஒலி என் இரைச்சலில் அமுங்கிப் போயிற்றோ, அதை நான் அறிய வழியில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

ஹாம் என்பவர் யார்?

வணிக நோக்கமின்றி, கற்பதற்காகவும் பிறருக்கு உதவுவதற்காகவும் சொந்தமாக வானொலி நிலையம் வைத்து நடத்துபவரை 'ஹாம்' என்று உலகெங்கும் அழைக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து முதல் இந்திய ஹாம் ஆனார். சென்னையும் பின்தங்கிவிடவில்லை. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அக்கழகம் அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கியது. அரசு வானொலி நிலையம் என ஒன்று நாட்டில் தோன்றுவதற்கு முன்பே, ஆர்வலர்கள் கூடிச் செய்த காரியம் அது.

ஹாம் ஆவதற்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் வெற்றி பெற்று உரிமம் பெறவேண்டும். 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. உரிமத்துடன் ஓர் அழைப்புக் குறி தருவார்கள். இந்திய ஹாம்களின் குறிகள் 'வி.யு.' என்னும் எழுத்துகளில் தொடங்கும்.

ஒன்றை இங்கே கவனியுங்கள். உரிமம் மனிதரின் பெயரில் இருக்கிறது. பெட்டியின் பெயரிலோ கணிப்பொறியின் பெயரிலோ இல்லை. என் வாதத்துக்கு இதுவே அடிப்படை.

திருகியிலிருந்து எண்ணுக்கு

வானொலிப் பெட்டிக்குள் கணிப்பொறி எப்படி நுழைந்தது? பழைய டிரான்சீவர்களில் அதிர்வெண்ணை நிர்ணயித்தவை ஒரு கம்பிச்சுருளும் ஒரு மாறும் மின்தேக்கியும். இரண்டும் சேர்ந்த அலையியற்றியின் அதிர்வெண், சுருளின் மின்தூண்டல் எண்ணையும் மின்தேக்கியின் திறனையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். திருகியைத் திருப்பினால் மின்தேக்கியின் தகடுகள் நகரும், அதிர்வெண் மாறும்.

இந்த ஏற்பாட்டுக்கு வெப்பம் ஒரு பகை. பெட்டி சூடேறினால் சுருளின் கம்பி விரியும், அதன் மின்தூண்டல் எண் கூடும், அதிர்வெண் குறையும். எவ்வளவு குறையும்? மின்தூண்டல் எண் 10,000-இல் ஒரு பங்கு கூடினால், வர்க்கமூலம் காரணமாக அதிர்வெண் 20,000-இல் ஒரு பங்கு குறையும். 7 மெகாஹெர்ட்ஸில் இது 350 ஹெர்ட்ஸ். காதுக்கு நன்றாகவே தெரியும் வேறுபாடு. அக்கினி நட்சத்திர நாள்களில் சென்னை ஹாம்கள் ஒரு கையைத் திருகியிலேயே வைத்துக்கொண்டு, நழுவும் அதிர்வெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வந்தது அதிர்வெண் தொகுப்பி. இதில் ஒரு குவார்ட்ஸ் படிகம் அசையாத அளவுகோலாக இருக்கிறது. அலையியற்றியின் அதிர்வெண்ணை ஓர் எண்ணால் வகுத்து, படிகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு தோன்றினால் உடனே திருத்துகிறது ஒரு மின்னணுச் சுற்று. அந்த எண்ணை மாற்றினால் அதிர்வெண் மாறும். இவ்வாறு திருகியின் கோணமாக இருந்த அதிர்வெண், ஓர் எண்ணாகிவிட்டது. எண் என்றால் அதைக் கணிப்பொறியும் சொல்லலாமல்லவா? 1980-களில் கணிப்பொறியோடு இணைக்கத்தக்க டிரான்சீவர்கள் கடைக்கு வந்தன.

கணிப்பொறி பெட்டிக்குச் சொல்லும் கட்டளை மிக எளியது. ஒரு வகைப் பெட்டியில், 'எஃப்', 'ஏ' என்று இரண்டு எழுத்துகள். பின்னர் ஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்வெண் 11 இலக்கங்களில். கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். மொத்தம் 14 குறிகள். வினாடிக்கு 4,800 பிட் என்னும் மெதுவான வேகத்தில் அனுப்பினாலும் சுமார் 0.03 வினாடியில் கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். 'அனுப்பு', 'வாங்கு' என்பவற்றுக்கும் இதுபோல் கட்டளைகள் உண்டு.

காதால் முடியாத வேலை

கணிப்பொறியைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. அதனால் ஆன நன்மைகளை முதலில் சொல்வதே நேர்மை.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது ஹாம்சாட். ஹாம்களுக்கென்றே இஸ்ரோ செய்த, 42.5 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோள். அதிலிருந்த இரு அஞ்சல் கருவிகளில் ஒன்று நம் நாட்டில் செய்யப்பட்டது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்து நாட்டு ஹாம் மாணவர் ஒருவர். 2014 ஜூலை வரை அது பணிபுரிந்தது. நாம் 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பவேண்டும். அது 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திருப்பி அனுப்பும்.

வினாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கோள் அது. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதைக் கிண்டி ரயில் நிலையத்து மேடையில் நின்று நீங்கள் கேட்டிருக்கலாம். அதே டாப்ளர் விளைவு இங்கும் உண்டு. அடிவானத்தில் தோன்றும்போது 435 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், மறையும்போது அதே அளவு தாழ்ந்தும் தோன்றும். மனிதக் குரலைச் சுமந்துவரும் அலை பிடிக்கும் இடமோ 3 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஆகவே கோள் தலைக்குமேல் கடக்கும் சில நிமிடங்களுக்குள் இரண்டு அதிர்வெண்களையும் இடைவிடாது திருத்திக்கொண்டே பேசவேண்டும். கோளின் பாதையைக் கணக்கிட்டு இந்தத் திருத்தத்தைக் கணிப்பொறி செய்தபோது, ஹாம் தம் கவனத்தைப் பேச்சில் வைக்க முடிந்தது. இது நல்ல வேலைப் பங்கீடு.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் வியப்பானது. 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸ் என்னும் மாணவரோடு சேர்ந்து, ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களில் ஒன்றான துடிவிண்மீனைக் கண்டுபிடித்தவர் ஜோசப் டெய்லர். அதற்காக இருவருக்கும் 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. டெய்லர் இளமையிலிருந்தே ஹாம். விண்ணிலிருந்து வரும் நலிந்த துடிப்பை இரைச்சலிலிருந்து கணிப்பொறியால் பிரித்தெடுத்த அனுபவத்தை, பின்னாளில் அவர் ஹாம்களுக்காகப் பயன்படுத்தினார். 2017-இல் அவரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் உருவாக்கிய முறைக்கு 'எஃப்.டி.8' என்று பெயர். அன்றிரவு என் கணிப்பொறி இயக்கியதும் இதைத்தான்.

இதன் நுட்பத்தை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 2,500 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் மொத்த இரைச்சலின் ஆற்றல் 100 பங்கு என்றும், நாம் தேடும் குறிப்பலையின் ஆற்றல் 1 பங்கு என்றும் கொள்வோம். காதுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும். ஆனால் எஃப்.டி.8 முறையில் 8 சுரங்கள் உண்டு. அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே வெறும் 6.25 ஹெர்ட்ஸ். கணிப்பொறி அந்தப் பட்டையை 6.25 ஹெர்ட்ஸ் கொண்ட 400 அறைகளாகத் தடுத்துவிடுகிறது. இரைச்சல் 400 அறைகளுக்கும் பங்கிடப்படுகிறது. ஓர் அறைக்குக் கால் பங்கு. குறிப்பலையோ ஒரே அறைக்குள் முழுதாக இருக்கிறது. ஆகவே அந்த அறைக்குள் அது இரைச்சலைப்போல் 4 மடங்கு! இதோடு 77 பிட் செய்திக்குக் காப்பாக 97 பிட்டுகளைச் சேர்த்து 174 ஆக அனுப்புவதால், சில பிட்டுகள் சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடலாம்.

கிண்டியைப் போன்ற இடத்தில் இது சிறு உதவியன்று. ஒவ்வொரு வீட்டிலும் எரியும் எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள், கைப்பேசி மின்னேற்றிகள் ஆகியவை 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இரைச்சலால் நிரப்பிவிடுகின்றன. குரலால் தொட முடியாத ஊர்களை இம்முறையால் நான் தொட்டிருக்கிறேன்.

அன்றிரவு நடந்தது என்ன?

எஃப்.டி.8 முறையில் ஒரு முறை அனுப்புவதற்கு 12.64 வினாடிதான் ஆகும். பிறகு எதிர்நிலையத்தின் முறை. அப்படியிருக்க 11 நிமிடம் எப்படி ஆயிற்று?

மறுநாள் விடுமுறை. காலை முதல் காரணம் தேடினேன். முதல் குற்றவாளி நானே கட்டிய ஏரியல். ஏரியலுக்குச் செல்லும் கேபிளில் உள்கம்பியிலும் உறையின் உட்புறத்திலும் மட்டும் மின்னோட்டம் இருக்கவேண்டும். என் அவசரக் கட்டுமானத்தால் உறையின் வெளிப்புறத்திலும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் வழிந்து, அறைக்குள் வந்து, கணிப்பொறியின் கேபிளில் புகுந்தது. கணிப்பொறி 'அனுப்பு' என்று சொல்லிவிட்டு, 'நிறுத்து' என்று சொல்லுமுன் உறைந்துவிட்டது. உறைந்த நிலையில் அதன் ஒலிப்பகுதி கடைசித் துணுக்கையே, கீறல் விழுந்த இசைத்தட்டைப் போலத் திரும்பத் திரும்ப ஒலித்தது. பெட்டி பாவம், சொன்னதைச் செய்துகொண்டிருந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினேன். கேபிளின் இரு கம்பிகளிலும் செய்தியின் மின்னோட்டம் எதிரெதிர்த் திசைகளில் செல்வதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; வளையம் அதைத் தடுக்காது. வழிந்துவரும் வேண்டாத மின்னோட்டம் ஒரே திசையில் செல்வதால் வளையத்தில் காந்தப்புலம் உண்டாகி அதை எதிர்க்கும். லென்ஸ் விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். இதோ அது வேலை செய்கிறது.

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. அந்தக் கணிப்பொறி நிரலில் ஒரு கண்காணிப்புக் கடிகாரம் உண்டு. குறித்த சில நிமிடங்களுக்குமேல் யாரும் கவனிக்காமல் நிலையம் அனுப்பிக்கொண்டிருந்தால் அது நிறுத்திவிடும். அதை நம்பித்தான் நான் எழுந்துபோனேன். அது ஏன் நிறுத்தவில்லை? அதுவும் அதே கணிப்பொறிக்குள் ஓடிய கடிகாரம். கணிப்பொறி உறைந்தபோது அதுவும் உறைந்துவிட்டது! வீட்டைக் காக்க வந்த காவல்காரன் அதே வீட்டுக்குள் படுத்துத் தூங்கிய கதைதான்.

உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரைப் பாருங்கள். நீராவியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மேலே உள்ள வெயிட். அதன் துளை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்காக மூடியில் தனியே ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். வெயிட் பழுதானால் வால்வும் பழுதாகும் என்ற நிலை இல்லை. வேறு இடம், வேறு முறை. சூடு மிஞ்சினால் தானே உருகி வழிவிடும். காவல் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்: காக்கப்படும் பொருளுக்கு வெளியே, அதைச் சாராமல்.

ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு 555 சில்லும் ஒரு ரிலேயும் வாங்கினேன். 820 கிலோ ஓம் மின்தடையையும் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் இணைத்தால், 1.1-ஆல் பெருக்கிவரும் கணக்குப்படி, சில்லு சுமார் 20 வினாடி விழித்திருக்கும். 'அனுப்பு' கட்டளையைத் தனிக் கம்பியில் வரச் செய்து, இந்த ரிலேயைத் தொடராக இணைத்தேன். கணிப்பொறியும் சில்லும் ஒத்துக்கொண்டால்தான் பெட்டி அனுப்பும். ஒழுங்காக நடக்கும் 12.64 வினாடி அனுப்புதலுக்கு இதனால் இடையூறில்லை. கணிப்பொறி உறைந்தாலோ, 20-ஆவது வினாடியில் எல்லாம் அடங்கிவிடும். டிரான்சீவருக்குள்ளேயே இருக்கும் நேர வரம்பையும் 3 நிமிடத்துக்கு அமைத்தேன். அது முதலிலிருந்தே அங்கே இருந்தது. கையேட்டைக் கடைசிவரை படிக்காதவன் நான்தான்.

எழக்கூடிய ஐயங்கள்

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் கேட்டார்: "சார், விமானத்தையே கணிப்பொறி ஓட்டுது. உங்க பெட்டியை மட்டும் ஏன் அதுகிட்ட விடக்கூடாது?" நல்ல கேள்வி. ஆனால் விமானத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய பெரிய பயணிகள் விமானங்களில் ஒன்றையொன்று சாராத பல கணிப்பொறிகள் உண்டு. ஒன்று தவறினால் மற்றொன்று பொறுப்பேற்கும். அவற்றுக்கும் மேலே இருக்கையில் விமானிகள் இருக்கிறார்கள். விமானத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னால், அந்தக் காவல்களையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மயிலாப்பூர் நண்பரின் குறை வேறு. "கணிப்பொறியும் கணிப்பொறியும் பேசிக்கிட்டா நமக்கு என்ன வேலை, தம்பி?" என்பார். இதை நான் முழுதும் ஏற்கவில்லை. தொலைநோக்கி வந்தபோது கண்ணுக்கு வேலை போய்விட்டதா? எதைப் பார்ப்பது, பார்த்ததற்கு என்ன பொருள் என்பது மனிதனிடமே இருந்தது. நேற்று எட்டிய ஊர் இன்று ஏன் எட்டவில்லை, அயனி மண்டலத்தில் என்ன மாற்றம், சூரியனில் என்ன நிகழ்ந்தது என்று கேட்பவருக்கு, எஃப்.டி.8 பதிவேடு ஓர் ஆராய்ச்சிக் குறிப்பேடு. ஒன்றும் கேட்காதவருக்கு அது வெறும் பட்டியல். அந்த அளவில் நண்பர் சொல்வது சரி.

டெய்லர் குழுவினர் அந்த நிரலைத் தாமாகவே விடிய விடிய ஓடும் இயந்திரமாக ஆக்கவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். ஒரு தொடர்பு முடிந்தால், அடுத்ததைத் தொடங்க மனிதர் ஒருவர் கட்டளையிட வேண்டும் என்பதே அவர்களது ஏற்பாடு. இயந்திரத்தை ஆக்கியவர்கள் நமக்கென்று விட்டுவைத்த இடத்தை நாமே காலி செய்துவிட்டுத் தோசை சாப்பிடப் போனால், குற்றம் யாருடையது?

வெள்ளம் வந்த நாளில்

மற்றொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்பவர், அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்காகக் குழுவினரோடு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். டிசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த நிலையில், அவர்களது வானொலி செய்திகளைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்குக்காகப் போன பெட்டி, உயிர்காக்கும் பெட்டியாயிற்று.

நம் ஊரிலேயே 2015 டிசம்பர் 1 இரவு என்ன நடந்தது? அடையாறு கரைமீறிச் சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை வழியே பாய்ந்தது. பல பகுதிகளில் மின்சாரம் இல்லை, கைப்பேசியும் இல்லை. அத்தகைய இரவில் என் எஃப்.டி.8 நிலையம் என்ன செய்யும்? அதற்குத் துல்லியமான நேரம் வேண்டும். இரு நிலையங்களின் கடிகாரங்களும் ஓரிரு வினாடிக்குள் ஒத்திருக்கவேண்டும். பெரும்பாலான கணிப்பொறிகள் அந்த நேரத்தை இணையத்திலிருந்து பெறுகின்றன. இணையம் போனால் கடிகாரம் மெல்ல நழுவும். நேரம் சரியாக இருந்தாலும், நம் விருப்பப்படி எழுதும் செய்திக்கு ஒரு தடவையில் 13 எழுத்துகள்தான் இடம். 'மூன்றாம் தெருவில் மாடியில் ஒரு கர்ப்பிணி இருக்கிறார், படகு அனுப்புங்கள்' என்பதை 13 ஆங்கில எழுத்துகளில் அடக்க முடியுமா? அங்கே வேண்டியது குரல். ஒரு 12 வோல்ட் மின்கலம், ஒரு டிரான்சீவர், ஒரு கம்பி, திருகியைத் திருப்பிக் கேட்கப் பழகிய காது. காது ஒரே நாளில் பழகாது. வெள்ளம் வந்தபிறகு பழக நேரமும் இருக்காது.

மாணவர்களுக்கு

ஆகவே என் கருத்து இதுதான். கணிப்பொறி டிரான்சீவரை இயக்கட்டும். டாப்ளர் திருத்தம், இரைச்சலிலிருந்து குறிப்பலையைப் பிரிப்பது, பதிவேடு எழுதுவது ஆகியவற்றில் அது நம்மைவிடத் தேர்ந்தது. ஆனால் அனுப்பும் நிலையில் இருக்கும் நிலையத்தை விட்டு, உரிமம் பெற்றவர் நாற்காலியிலிருந்து எழக்கூடாது. எழுந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எழவேண்டும். எதிர்பாராத பிழைக்கு, கணிப்பொறிக்கு வெளியே ஒரு காவல் வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் வானொலிக் குழு தொடங்கும்போது, விலையுயர்ந்த பெட்டியை வாங்குவதற்கு முன் இந்தப் பழக்கத்தைக் கற்பிக்கவேண்டும்.

உங்களில் ஹாம் ஆக விரும்புவோர் மூன்று படிகளில் ஏறலாம். முதலில், ஒரு சுருள், ஒரு மாறும் மின்தேக்கி, சில டிரான்சிஸ்டர்கள் கொண்டு ஒரு சிறு வானொலி வாங்கியைக் கையால் கட்டிப் பாருங்கள். அதிர்வெண் வெப்பத்தில் நழுவுவதை உங்கள் காதாலேயே கேளுங்கள். இரண்டாவதாக, தேர்வெழுதி உரிமம் பெற்று, குரலில் பேசிப் பழகுங்கள். மூன்றாவதாகக் கணிப்பொறியை இணையுங்கள். அப்போது அது உங்களுக்காக எதைச் செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது செய்யத் தவறும்போதும் தெரியும்.

அன்றிரவுக்குப் பிறகு மயிலாப்பூர் நண்பரிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். 555 சில்லும் ரிலேயும் உள்ள சிறு பெட்டியைக் காட்டினேன். கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, "பரவாயில்லை, தம்பி. இருபது வினாடிக்கு மேல தூங்க மாட்டான்" என்றார். பிறகு கேட்டார்: "சரி, இந்த ரிலே ஒட்டிக்கிட்டா?"

ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. அதை நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் சிவப்புச் சுவிட்சு ஒன்றை நாற்காலியில் அமர்ந்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தினேன். இப்போது தோசைக்கு அழைப்பு வந்தால், முதலில் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் எழுகிறேன்.